பெயர்ப் பதிவேட்டின் கதை: நம் இணைய முகவரி யாருடைய கையில்?

இது நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

மாத்தளை நகரத்திலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கம் மூன்று கிலோமீட்டர் அளவில் போனால் அலுவிகாரை. எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்து போயிருக்கிறோம். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை மனப்பாடமாகவே சொல்லி வந்த திரிபிடகத்தை பிக்குமார் முதன்முதலாக ஏட்டில் எழுதியது அங்கேதான் என்று வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் "ஏன் அப்போது எழுதினார்கள்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். காரணம் பஞ்சமும் போரும். மனனம் செய்திருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். ஓர் ஆள் மௌத்தானால் அவர் மனதில் இருந்ததும் சேர்ந்து போய்விடும் என்ற பயம் வந்தபிறகுதான் எழுத்தாணி எடுத்தார்கள்.

இன்னொரு சம்பவமும் இதே மண்ணில்தான். 1848 ஜூலையில் வரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் மாத்தளைக் கச்சேரிக்குள் புகுந்து வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். அரசாங்கத்தின் பலம் துப்பாக்கியில் மட்டுமல்ல, பதிவேட்டிலும் இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதே கிளர்ச்சியில் அலுவிகாரையின் பழைய ஏட்டு நூலகமும் அழிந்து போனது. எழுதி வைத்தாலும் ஒரே இடத்தில் வைத்திருந்தால் இதுதான் கதி.

இவை இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் நாம் பாவிக்கிற, ஆனால் கண்ணால் காணாத ஒரு பதிவேட்டின் வரலாற்றைப் பார்ப்போம். இணைய முகவரிகளின் பதிவேடு அது. 'ஆள்களப் பெயர்' என்று நமது பாடப் புத்தகத்தில் இருக்கும்.

கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். பரீட்சைப் பெறுபேறு பார்க்க திணைக்களத்தின் முகவரியைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் எதுவென்று யாரிடமாவது கேட்டுத்தான் உங்கள் போன் அங்கே போகிறது. 1970களில் இந்தக் கேள்விக்கு ஒரேயொரு இடத்தில்தான் பதில் இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு சிறு குழு, உலகத்தில் அந்த வலையமைப்போடு இணைந்த எல்லாக் கணினிகளின் பெயரையும் எண்ணையும் ஒரே கோப்பில் வைத்திருந்தது. புதிதாகக் கணினி வாங்கியவர் அவர்களுக்குத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ அறிவிப்பார். அவர்கள் அலுவலக நேரத்தில் கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்ற எல்லோரும் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். நம்ம ஊர் சந்தா கொப்பி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வீடு இருக்கும்வரை ஒரு கொப்பி போதும், ஐயாயிரம் வீடு ஆனால் சரிவராது.

1983 நவம்பரில் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் இதற்கு மாற்றுத் திட்டம் ஒன்றை எழுதி வெளியிட்டார். டிஎன்எஸ் என்று நாம் சொல்வது அதுதான். யோசனை எளிமையானது. எல்லாவற்றையும் ஒருவர் வைத்திருக்க வேண்டாம், ஒவ்வொரு மட்டமும் தனக்குக் கீழே யாரிடம் கேட்பது என்று மட்டும் தெரிந்திருந்தால் போதும். ஒரு வீட்டின் விபரம் மாவட்டச் செயலகத்தில் இருக்காது. ஆனால் எந்தப் பிரதேச செயலகத்தில் கேட்பது என்று அங்கே சொல்வார்கள். பிரதேச செயலகம் எந்தக் கிராம சேவகர் என்று சொல்லும். கிராம சேவகரிடம் இடாப்பு இருக்கும். அதேபோல உச்சியில் உள்ள சேவையகம் "டொட் எல்கே என்றால் இவரிடம் கேள்" என்கிறது. டொட் எல்கேக்காரர் "அந்தப் பாடசாலையின் பெயர் என்றால் அவரிடம் கேள்" என்கிறார். கடைசியில் உள்ளவர்தான் எண்ணைச் சொல்கிறார்.

டொட் எல்கே நமது நாட்டுக்குக் கிடைத்தது 1990இல். இலங்கைக்கு முழுமையான இணைய இணைப்பு வருவதற்குச் சில வருடங்கள் முந்தி. பாதை போட முன்னரே கல்லு நட்டு ஊர்ப் பெயர் எழுதியது மாதிரி. அந்தக் காலத்தில் நாடுகளின் பெயர்களை ஒதுக்கியவர் ஜொன் பொஸ்டெல். ஒவ்வொரு நாட்டிலும் பல்கலைக்கழகத்தில் இந்த வேலை தெரிந்த நம்பிக்கையான ஒருவரிடம் பொறுப்பைக் கொடுப்பது அவருடைய வழக்கம். நமது நாட்டில் அந்தப் பொறுப்பை வளர்த்தெடுத்தவர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிஹான் டயஸ். 2010இல் 'டொட் இலங்கை' என்று தமிழிலும் 'லங்கா' என்று சிங்களத்திலும் பெயர் முடிவுகள் கிடைத்தன. நம் எழுத்தில் முகவரி வைக்கலாம் என்பது பலருக்கு இன்னும் தெரியாது. ஒரு துரதிர்ஷ்டம், பதிவேட்டுக்குள்ளே போனால் தமிழ் இருக்காது. பழைய ஒழுங்கில் ஆங்கில எழுத்து, இலக்கம், சிறு கோடு இவற்றுக்குத்தான் இடம். ஆகவே 'இலங்கை' என்பது உள்ளே எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஒரு புரியாத எழுத்துக் கோர்வையாக மாறிவிடும். சரிபார்க்கிறவர் அதைப் பார்த்து என்ன பெயர் என்று சொல்ல முடியாது.

இனி அந்தக் கடைசிக் கிராம சேவகரின் இடாப்பைத் திறப்போம். அது வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் நான்கு விடயம் இருக்கும்: பெயர், வகை, எத்தனை வினாடிக்கு மற்றவர்கள் இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவு, பதில். 'ஏ' வகை வரி வெப்சைட் இருக்கிற எண்ணைச் சொல்லும். 'எம்எக்ஸ்' வகை வரி, அந்தப் பெயருக்கு வருகிற மின்னஞ்சல் எந்தச் சேவையகத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லும். இந்த ஒரு வரியை மாற்றினால் உங்களுக்கு வரவேண்டிய கடிதமெல்லாம் வேறொருவர் வீட்டுக்குப் போகும். கோப்பின் மேலே ஒரு தொடர் இலக்கம் உண்டு. பெரும்பாலும் திகதியையே அப்படி எழுதுவார்கள். திருத்தம் செய்தவர் அந்த இலக்கத்தைக் கூட்ட மறந்தால், பிரதி வைத்திருக்கும் மற்றச் சேவையகங்கள் "ஒன்றும் மாறவில்லை" என்று பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். கோப்பை எழுதிய கையைத்தான் முழுக்க நம்ப வேண்டியிருந்தது. இருந்தாலும் அது எழுத்து. பிரதி எடுக்கலாம், அச்சடிக்கலாம், நேற்றைய கோப்போடு ஒப்பிடலாம்.

பிறகு மேகக் கணினி வந்தது. 2010 டிசம்பரில் அமேசன் 'ரூட் 53' என்ற சேவையைத் தொடங்கியது. டிஎன்எஸ் பேசுகிற வாசலின் இலக்கம் 53, அதனால் அந்தப் பெயர். இனிச் சேவையகம் வாங்கத் தேவையில்லை, கோப்பு எழுதத் தேவையில்லை. இணையப் பக்கத்தில் நுழைந்து பெட்டியை நிரப்பி 'சேமி' அழுத்தினால் உலகம் முழுக்கப் பதில் மாறிவிடும். இப்படிப் பல நிறுவனங்கள் வந்தன. வசதிதான், மறுக்கவில்லை.

ஆனால் என் கண்ணுக்கு, இந்த வசதி நம்மை அலுவிகாரைக்கு முந்திய காலத்துக்குக் கொண்டுபோய் விட்டது. எந்தப் பெட்டியில் என்ன போட்டோம், ஏன் போட்டோம், முந்தி என்ன இருந்தது என்பதெல்லாம் அழுத்தியவரின் ஞாபகத்தில் மட்டும். "அந்த வரி எதுக்கு?" என்று கேட்டால், "அத தொட வாணா, முந்தி ஈந்த சேர் போட்டது" என்று பதில் வரும். நூறு பெயர், ஆயிரம் வரி வைத்திருந்த பெரிய நிறுவனங்களிலும் இதே பதில்தான்.

ஆகவே எழுத்துக்குத் திரும்பினார்கள். உள்கட்டமைப்பைக் கோவையாக எழுதுவது என்ற வழக்கம் அப்படி வளர்ந்தது. 2014 ஜூலையில் ஹஷிகோர்ப் நிறுவனம் வெளியிட்ட டெராபோம் இதில் பிரபலமான கருவி. பெயர்ப் பதிவேட்டுக்கென்றே 2017இல் இரண்டு கருவிகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தன: ஸ்டாக் ஓவர்புளோ தந்த டிஎன்எஸ் கொன்ட்ரோல், கிட்ஹப் தந்த ஒக்டோ டிஎன்எஸ்.

இது வேலை செய்யும் விதம் ஆசிரியர்களுக்கு உடனே பிடிபடும். வரவு இடாப்பில் பிழை வந்தால் நாம் வெள்ளை மை பூச முடியாது. ஒரு கோடு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, சிறு கையொப்பம் வைக்கவேண்டும். அதிபரின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்கு இலக்கம் இருக்கும், தாள் கிழிக்க ஏலாது. அதே ஒழுங்குதான் இங்கேயும். "இந்தப் பெயருக்கு இந்தப் பதில் இருக்க வேண்டும்" என்று கோப்பில் எழுதுகிறீர்கள். எழுதியவுடன் எதுவும் மாறாது. கருவி கோப்பையும் மேகத்தில் உண்மையாக இருப்பதையும் ஒப்பிட்டு, "ஒன்று சேரும், ஒன்று மாறும், ஒன்று அழியும்" என்று முதலில் காட்டும். இன்னொருவர் அதைப் பார்ப்பார். "அழியும்" என்ற சொல்லைக் கண்டால் நின்று யோசிப்பார். அவர் சம்மதித்த பிறகுதான் மாற்றம் நடக்கும். கோப்பு 'கிட்' என்ற ஏற்பாட்டில் இருப்பதால் யார், எந்தத் திகதியில், என்ன காரணம் சொல்லி மாற்றினார் என்பது முழுக்கப் பதிவாகும். பழையதுக்குத் திரும்ப வேண்டுமென்றால் திரும்பலாம். யாராவது குறுக்கு வழியில் இணையப் பக்கத்துக்குள் போய் நேரடியாக ஒரு வரியை மாற்றினால், அடுத்த தடவை ஒப்பிடும்போது அது பிடிபட்டுவிடும்.

இன்னொரு தேவையும் இதை வேகப்படுத்தியது. 2016 ஒக்டோபர் 21ஆம் திகதி டைன் என்ற நிறுவனத்தின் மீது பெரிய தாக்குதல் நடந்தது. பெயர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை எத்தனையோ பெரிய தளங்கள் அந்த நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தன. தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட வீட்டுக் கெமராக்கள் போன்ற சாதனங்களைக் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்தத் தளங்களில் கோளாறு இல்லை, "எங்கே இருக்கிறது" என்று சொல்ல ஆள் இல்லாமல் போனது. அதன்பிறகு ஒரே பதிவேட்டை இரண்டு நிறுவனத்திடம் வைக்கும் யோசனை பரவியது. கையால் செய்தால் இரண்டும் ஒரு மாதத்தில் வேறு வேறாகிவிடும். ஒரு கோப்பை எழுதி இரண்டு பக்கமும் கருவியே அனுப்பினால் ஒன்றாக இருக்கும். 1848இல் அலுவிகாரை இழந்த ஏடுகளுக்கு இப்படியொரு வசதி இருந்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு.

இவ்வளவும் சொன்னதால் இதுவே முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். நமது நாட்டிலேயே நடந்த சம்பவம் உண்டு. 2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை, சுதந்திர தினம் முடிந்து இரண்டு நாள். கூகுளின் டொட் எல்கே முகவரியைத் தட்டியவர்கள் வேறொரு பக்கத்துக்குப் போனார்கள். இன்னும் சில டொட் எல்கே பெயர்களுக்கும் இதே கதி. அந்தப் பக்கத்தில் தேயிலைத் தோட்டப் பகுதியின் பிரச்சினை, ஊடக சுதந்திரம், சிறுபான்மையினரின் குறைகள் எல்லாம் எழுதப்பட்டிருந்தன. ஜனாஸா எரிப்பு இன்னும் நிறுத்தப்படாதிருந்த நாட்கள் அவை. அதில் எழுதியிருந்த வேதனை நமக்குப் புதிதல்ல. ஆனாலும் செய்த முறையை என்னால் சரி என்று சொல்ல முடியாது. இன்றைக்கு நம் குறையை எழுத முகவரியைத் திருப்பத் தெரிந்தவனுக்கு, நாளைக்கு வங்கியின் முகவரியைத் திருப்பிக் கடவுச்சொல் வாங்கவும் தெரியும்.

கவனிக்க வேண்டியது இதுதான். அங்கே கூகுளின் கணினியை யாரும் உடைக்கவில்லை. கூகுள் எவ்வளவு ஒழுங்காகத் தன் கோப்பை எழுதி வைத்திருந்தாலும், மேல் மட்டப் பதிவில் கை வைத்தால் கேட்பவர்கள் அந்தக் கோப்புக்கு வந்து சேரவே மாட்டார்கள். கிராம சேவகரின் இடாப்பு சுத்தமாக இருக்கும், பிரதேச செயலகம் வேறு வீட்டுக்கு வழி காட்டிக்கொண்டிருக்கும்.

கருவியே பிழை விட்ட கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. 2025 ஒக்டோபர் 20, தீபாவளி விடுமுறை. பகல் 12 மணி தாண்டிய பிறகு அமேசனின் வேர்ஜினியா நிலையத்தில் கோளாறு. ஸ்னப்செட், நாம் பாடத்துக்குப் படம் செய்கிற கென்வா உட்பட எத்தனையோ சேவைகள் பாதிக்கப்பட்டன. அமேசன் பிறகு கொடுத்த விளக்கம் வாசிக்க வேண்டியது. அவர்களின் ஒரு தரவுத்தளச் சேவையின் பெயர்ப் பதிவுகளை மனிதர்கள் அல்ல, தானியங்கி நிரல்கள்தான் எழுதுகின்றன. ஒரு நிரல் திட்டம் போடும், வேறு நிரல்கள் அதை அமுல்படுத்தும். அமுல்படுத்தும் ஒன்று மிகவும் தாமதித்து, தன் கையில் இருந்த பழைய திட்டத்தைப் புதியதன் மேலே எழுதிவிட்டது. அதே நேரம் இன்னொன்று பழைய திட்டங்களைத் துப்புரவு செய்யத் தொடங்கி, பாவனையில் இருந்த அதையே அழித்துவிட்டது. பெயர் இருந்தது, அதற்குப் பதில் வெறுமை. கடைசியில் ஆட்கள் வந்து கையால்தான் சரி செய்தார்கள். அந்தத் தானியங்கியை உலகம் முழுக்க நிறுத்தியும் வைத்தார்கள்.

எழுத்தில் வைப்பது ஒன்று, எழுதியதை ஆள் பார்க்காமல் ஓடவிடுவது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சரி, இதெல்லாம் அமேசனுக்கும் கூகுளுக்கும், நமக்கென்ன என்று கேட்கலாம். நமது பக்கத்து நிறுவனம் ஒன்றின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு சகோதரர் சொந்தக் காசில், சொந்த மின்னஞ்சலில், அந்த நிறுவனத்துக்கு டொட் கொம் பெயர் ஒன்று எடுத்துக் கொடுத்தார். அல்லாஹ் அவருக்குக் கூலி கொடுக்கட்டும். பிறகு தொழிலுக்காகக் கட்டார் போனார். பழைய சிம் போனது, அந்த மின்னஞ்சலும் கை நழுவிப் போனது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தல்கள் எல்லாம் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்தன. தவணை முடிந்தது, பெயர் சந்தைக்கு வந்தது, யாரோ வாங்கிவிட்டார்கள். இன்று அந்த முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம். அந்த முகவரி விழா மலரின் பின் அட்டையில் அச்சாகியிருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துத் தட்டுகிறார்கள். மலரைத் திருப்பி வாங்கவும் முடியாது.

அதைப் பார்த்த பிறகு நான் சம்பந்தப்பட்ட ஒரு சங்கத்தில் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். பெயர் தனியாளின் மின்னஞ்சலில் இல்லை, செயலாளர் பதவிக்கென்று திறந்த மின்னஞ்சலில் இருக்கிறது. அந்த மின்னஞ்சல் நமது பெயரிலேயே அமையக் கூடாது, ஏனென்றால் பெயர் போனால் மின்னஞ்சலும் போகும், மீட்கிற வழியும் அடைபடும். மொத்தம் ஒன்பது வரிகள். ஒவ்வொரு வரிக்கு மேலும் அது எதற்கு என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதினோம். கோப்பு கிட்ஹப்பில் பூட்டி இருக்கிறது, மூன்று பேருக்கு அனுமதி. ஒருவர் எழுதினால் இன்னொருவர் பார்க்காமல் மாற்றுவதில்லை. கடவுச்சொற்கள் அந்தக் கோப்பில் இல்லை, இருக்கவும் கூடாது. அச்சடித்த பிரதி ஒன்று கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. இணையம் இல்லாத நாளிலும் வாசிக்கலாம்.

உண்மையைச் சொன்னால் ஒன்பது வரிக்கு டெராபோம் தேவையில்லை. கணினி படிக்கிற நமது பிள்ளைகள் பழகட்டும் என்பதற்காக ஒரு பெரியவகுப்பு மாணவனைக் கொண்டு டிஎன்எஸ் கொன்ட்ரோலில் எழுதிப் பார்த்தோம், அவ்வளவுதான். கருவி தெரியாத நிர்வாகத்துக்கு, நிறுவனத்தின் பக்கத்தில் 'ஏற்றுமதி' வசதி இருந்தால் அதை அழுத்திக் கோப்பை எடுத்து, திகதி போட்டு, இரண்டு இடத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

உங்கள் பள்ளிவாசல், பாடசாலை, சங்கம் எதுவாக இருந்தாலும் மூன்று விடயம் தேடிப் பாருங்கள்: பெயர் எந்த நிறுவனத்தில் எடுக்கப்பட்டது, தவணை முடியும் திகதி, எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. தெரியாவிட்டால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என்னைப் பிடியுங்கள், இருந்து பார்த்துத் தருகிறேன். தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் தயவுசெய்து கமெண்டில் போட வேண்டாம்.